குறைந்த செலவில் மஸில்லோடர்: துப்பாக்கித் தேர்விலிருந்து வீட்டில் வார்த்த குண்டு வரை

மஸில்லோடர், அதாவது குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் கெட்டிக்கும் துப்பாக்கி, வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியை முதலில் பார்க்கிறார்கள். எந்தக் குண்டைச் சுடுவது என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். குண்டை நீங்களே வார்ப்பதாக இருந்தால், எந்த அச்சில் வார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்தக் குண்டுக்கு ஏற்ற குழல் எது என்று அப்புறம் தேடலாம். இப்படிச் செய்தால் பழைய, மலிவான துப்பாக்கியே போதும். மாற்றிச் செய்தால் விலை உயர்ந்த துப்பாக்கியும் இலக்கைத் தவறவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு. வேறு நாட்டில் இருப்பவர்கள் முதலில் அங்குள்ள ஆயுதச் சட்டத்தைப் பாருங்கள். பல இடங்களில் இது உரிமம் இல்லாமல் தொடக்கூடாத பொருள்.

சட்டம்

1968-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கரிமருந்தில் மட்டும் இயங்கி, நவீனத் தோட்டாவை ஏற்காத மஸில்லோடர் 'பழங்கால ஆயுதம்' என்ற வகையில் வருகிறது. அதனால்தான் பல மாநிலங்களில் இதைத் தபாலில்கூட வரவழைக்க முடிகிறது. இதில் ஒரு விலக்கு உண்டு. குழலை மாற்றினால் நவீனத் தோட்டாவைச் சுடும்படி வடிவமைக்கப்பட்ட துப்பாக்கி, மஸில்லோடர் குழலோடு இருந்தாலும் சாதாரணத் துப்பாக்கியாகவே கருதப்படும். மாநிலச் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கலாம். விசாவில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.

வேட்டைக்கு என்றால் மாநில விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். கொலராடோவில் மஸில்லோடர் பருவத்தில் தொலைநோக்கி, சாபோ (குண்டைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறை), பெல்லட் வடிவ மருந்து மூன்றுக்கும் அனுமதி இல்லை. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் பருவம் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகளுக்கு மட்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டையே பயன்படுத்தக் கூடாது. அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை சுடுதளத்துக்கு மட்டும்தான்.

முதலில் குண்டு, அப்புறம் குழல்

வீட்டில் வார்க்க இரண்டு வகைக் குண்டுகள் உண்டு. ஒன்று, துணியில் பொதிந்து சுடும் உருண்டைக் குண்டு. மற்றொன்று, துணி இல்லாமல் நேராக இறங்கும் கூம்புக் குண்டு.

குழலின் உட்புறத்தில் சுழலாக வெட்டிய வரிப்பள்ளமான ரைஃபிளிங் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதுதான் ட்விஸ்ட். 1:48 என்றால் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. உருண்டைக் குண்டுக்கு நீளம் இல்லாததால் மெதுவான சுழற்சியே போதும். 1:60, 1:66 போன்ற குழல்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. நீளமான கூம்புக் குண்டு தடுமாறாமல் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். 1:28, 1:32 அந்த ரகம். உருண்டையை 1:28 குழலில் அதிக மருந்தோடு சுட்டால், துணி ரைஃபிளிங்கைப் பிடிக்காமல் வழுக்கிவிடும். 40, 50 கிரெயின் (பவுண்டில் 7000-ல் ஒரு பங்கு எடை) மருந்தோடு நிறுத்தினால் அதே குழல் ஓரளவு ஒத்துழைக்கும்.

நடுவில் இருப்பது 1:48. இரண்டையும் அரைகுறையாகச் செய்யும் சமரசம் என்று சிலர் இதைக் குறை சொல்வார்கள். தொடங்குகிறவருக்கு அந்தச் சமரசம்தான் வசதி என்பது என் கருத்து. உருண்டையும் சுடலாம், குட்டையான கூம்பும் சுடலாம். லீ நிறுவனத்தின் 'ரியல்' அச்சில் வரும் 250 கிரெயின் குண்டு இதற்குச் சரியாகப் பொருந்தும். கெட்டிக்கும்போதே ரைஃபிளிங்கில் பதியும்படி வரிவரியாக வடிவமைத்த குண்டு அது.

காலிபரில் (அங்குலத்தில் குழலின் உள்விட்டம்) யோசிக்கவே வேண்டாம், .50 எடுங்கள். அச்சு, துணி, துடைப்பான் எல்லாம் இந்த அளவில்தான் எளிதாகக் கிடைக்கும். 0.490 அங்குல உருண்டை ஏறக்குறைய 177 கிரெயின் எடை. ஒரு பவுண்டு என்பது 7000 கிரெயின். ஆக ஒரு பவுண்டு ஈயத்தில் 39 குண்டு. இலக்குப் பயிற்சி மட்டும்தான் என்றால் .45-ம் நல்லது: 0.440 உருண்டை 128 கிரெயின்தான், ஈயமும் மருந்தும் மிச்சம்.

எந்தத் துப்பாக்கி

மூன்று வகை உண்டு. சக்கிமுக்கிக் கல்லில் பற்றும் ஃப்ளிண்ட்லாக் அழகானது, ஆனால் முதல் துப்பாக்கியாக வேண்டாம். கல்லைச் சரியாகப் பொருத்துவது, கிண்ணத்து மருந்தை அளவாக வைப்பது, முகத்துக்கு அருகே தீ எழும்பினாலும் அசையாமல் நிற்பது எல்லாம் தனிப் பாடங்கள். இன்லைன் என்பது பற்றவைப்பு குழலுக்கு நேர் பின்னால் இருக்கும் நவீன வகை. 1985-ல் டோனி நைட்டின் எம்கே-85 வந்த பிறகுதான் இது பரவியது. புதிதாக வாங்கினால் மலிவாகக் கிடைப்பதும் பெரும்பாலும் இதுதான். சிவிஏ வுல்ஃப் போன்றவை 300 டாலரை ஒட்டிக் கிடைக்கும். அதன் குழல் 1:28. கூம்பு மட்டும் வார்ப்பேன், மழையிலும் வேட்டைக்குப் போவேன் என்பவருக்கு அது சரியான தேர்வு.

சொந்தக் குண்டு வார்க்கும் ஆசையில் வருகிறவருக்கு நான் சொல்வது பக்கவாட்டில் குதிரை (விசையை அழுத்தினால் விழும் சுத்தியல்) வைத்த கேப்லாக்: குதிரை அடித்ததும் தீப்பொறி விடும் 'கேப்' என்ற சிறு மூடியால் மருந்து பற்றும் வகை. 1:48 குழல் உள்ள ட்ரெடிஷன்ஸ் டியர்ஹன்டர், அல்லது பழைய தாம்ப்சன் சென்டர் ஹாக்கன். 1970-ல் அறிமுகமான இந்த ஹாக்கன் அமெரிக்க வீடுகளில் பரண் பரணாகக் கிடக்கிறது. உருண்டை மட்டுமே சுடுவேன் என்று உறுதியாக இருந்தால் 1:60 குழல் உள்ள லைமன் கிரேட் ப்ளெய்ன்ஸ் ரைஃபிளைத் தேடுங்கள். கிரேட் ப்ளெய்ன்ஸ் ஹன்டர் என்ற பெயரில் வருவது 1:32, அது கூம்புக்கு.

பழையதை வாங்கும்போது செய்ய வேண்டிய முதல் வேலை, உள்ளே மருந்து கெட்டித்திருக்கிறதா என்று பார்ப்பது. பத்திருபது வருடம் சுவரில் தொங்கியதிலும் மருந்தும் குண்டும் இருந்திருக்கின்றன. குண்டை உள்ளே தள்ளும் நீளக் கம்பியான ராம்ராடைக் குழலுக்குள் அடிவரை விட்டு வாய் மட்டத்தில் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே நீளத்தில் வைத்துப் பாருங்கள். நுனி, குழலின் அடியில் கேப்பை மாட்டும் சிறு முனையான நிப்பிள் இருக்கும் இடம்வரை வர வேண்டும். ஓரிரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. இதைச் செய்யும்போது உடம்பும் முகமும் குழல் வாய்க்கு நேராக இருக்கக் கூடாது. காலி என்று உறுதியாகும்வரை குதிரையைத் தொட வேண்டாம்.

காலிதான் என்றால் ஈரத்துணியை விட்டு எடுங்கள். துணி செம்பழுப்பாக வந்தால் துரு. மேலோட்டமான துரு போய்விடும், குழி விழுந்திருந்தால் போகாது; குறிப்பாக அடிப்பகுதியில். துடைப்பான் ஓரிடத்தில் மட்டும் தளர்ந்து நகர்ந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். அதை வாங்க வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும். குதிரையை அரை நிலையில் நிறுத்தி விசையை அழுத்திப் பாருங்கள், விழக்கூடாது. கட்டையின் கழுத்துப் பகுதியில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அலங்காரத்துக்கென விற்கும் பொம்மை ரகங்களைச் சுடவே கூடாது. நிப்பிள் தேய்ந்திருந்தால் கவலை இல்லை, சில டாலரில் மாற்றலாம்.

ஈயம் வார்ப்பது

மஸில்லோடருக்கு மென்மையான, தூய ஈயம் வேண்டும். உருண்டை கொஞ்சம் கடினமாக இருந்தாலும் துணி சமாளித்துக்கொள்ளும். கூம்புக் குண்டு கடினமாக இருந்தால் கெட்டிக்கவே முடியாது. நகத்தால் கீறிப் பாருங்கள்: எளிதாகக் கோடு விழுந்தால் மென்மையான ஈயம். தரையில் போட்டால் மந்தமாக 'தொப்' என வேண்டும், 'கிணிங்' என்றால் கலப்பு. பழைய வீடுகளின் கூரைத் தகடு, எக்ஸ்ரே அறைச் சுவரிலிருந்து பிரித்த தகடு ஆகியவை பெரும்பாலும் மென்மையானவை. கார் சக்கர எடைக்கட்டிகளில் ஆண்டிமனி கலந்திருக்கும். இப்போது பல துத்தநாகத்திலேயே வருகின்றன. துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸில் உருகி ஈயத்தோடு கலந்தால் அந்தச் சட்டி ஈயம் முழுக்க வீண். பேட்டரி ஈயத்தின் பக்கமே போக வேண்டாம்: அமிலம் ஒருபுறம், உருக்கும்போது நச்சு வாயு வரும் அபாயம் மறுபுறம்.

வேலை வெளியிலோ, காற்று நன்றாகப் போகும் கொட்டகையிலோ நடக்க வேண்டும். சமையலறையில் கூடாது, ஈயம் உருக்கிய பாத்திரம் எதுவும் மறுபடி சமையலுக்குத் திரும்பக் கூடாது. முழுக்கை பருத்திச் சட்டை, தோல் கையுறை, கண்ணாடி, மூடிய காலணி. ஈயத்தைவிட எனக்குப் பயம் தண்ணீர்தான். உருகிய ஈயத்துக்குள் ஒரு துளி ஈரம் போனால் அது நொடியில் ஆவியாகிச் சட்டியில் உள்ளதை மேலே வாரி இறைக்கும். ஈயக் கட்டியைச் சட்டியின் விளிம்பில் வைத்து நன்றாகச் சூடேற்றிக் காய வைத்த பிறகே உள்ளே தள்ளுங்கள். வானம் கறுத்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். பக்கத்தில் குடிதண்ணீர் பாட்டில்கூட வைக்காதீர்கள்.

ஈயம் 327 டிகிரியில் உருகும். வார்க்க 370 முதல் 400 டிகிரி வரை சரி. உருகியதும் பட்டாணி அளவு தேன்மெழுகு போட்டுக் கிளறுங்கள். புகை வரும், சில நேரம் தீயும் பிடிக்கும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். கசடு மேலே வந்துவிடும், கரண்டியால் வழித்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். அந்தச் சாம்பல்நிறப் பொடிதான் உடம்புக்குள் எளிதாகப் போகும் நஞ்சு. இந்தச் சூட்டில் ஈய ஆவி மிகக் குறைவு; ஆபத்து பெரும்பாலும் கையில் ஒட்டும் தூசில்தான். வேலை முடியும்வரை சாப்பாடு, டீ, சிகரெட் கிடையாது. முடிந்ததும் சோப்பு போட்டுக் கையைக் கழுவி, உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை அல்லது கர்ப்பிணி இருந்தால் வார்ப்பு வேலையை வீட்டுக்கு அருகிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம்.

அச்சுக்கு லீயின் அலுமினிய அச்சு போதும், விலை குறைவு, சீக்கிரம் சூடாகும். புதிய அச்சின் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு, உள்குழிகளைத் தீக்குச்சிப் புகையில் லேசாகக் கறுக்க வையுங்கள். அச்சின் ஒரு மூலையை உருகிய ஈயத்தில் சிறிது நேரம் வைத்துச் சூடாக்குங்கள். ஊற்றும்போது தயங்கக் கூடாது: ஒரே தாரையாக ஊற்றி, மேலே ஒரு சின்னக் குமிழ் நிற்கும்படி விடுங்கள். குமிழ் உறைந்ததும் தகட்டைத் தள்ளி வெட்டி, அச்சைத் திறந்து மடித்த துணியின் மேல் குண்டை விழவிடுங்கள்.

முதல் சில குண்டுகள் சுருக்கம் விழுந்து வரும். அச்சு இன்னும் சூடாகவில்லை. அவற்றைக் கடைசியில் உருக்கிக்கொள்ளலாம். மேற்பரப்பு பனி படர்ந்ததுபோல மங்கினால் சூடு அதிகம். கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். வார்த்த எல்லாவற்றையும் சின்னத் தராசில் எடை போட்டே ஆக வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கும் குண்டின் உள்ளே காற்றுக் குமிழி இருக்கலாம். 177-க்கு இரண்டு மூன்று கிரெயின் குறைந்தாலே ஒதுக்கிவிடுங்கள். மலிவான துப்பாக்கிக்கும் விலை உயர்ந்த துப்பாக்கிக்கும் இடையே உள்ள துல்லிய வித்தியாசத்தில் பாதி இந்தத் தராசிலேயே தீர்ந்துவிடும்.

துணியும் கொழுப்பும்

உருண்டைக்குச் சுத்தமான பருத்தித் துணி வேண்டும்; செயற்கை நூல் கலந்தால் குழலுக்குள் உருகி ஒட்டும். தலையணை உறைக்குப் பயன்படும் நெருக்கமான நெசவு நல்லது. 0.490 உருண்டைக்கு 0.015 அங்குலத் தடிமனில் தொடங்குங்கள். தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் உருக்கிக் கலந்தால் நல்ல கொழுப்பு கிடைக்கும். வெயில் காலத்தில் மெழுகைக் கூட்டுங்கள். பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம், கரிமருந்தோடு சேர்ந்து தாராகிவிடும். கூம்புக் குண்டுக்குத் துணி கிடையாது. அதே கொழுப்பை வரிகளில் தடவினால் போதும்.

மருந்து

இந்தத் துப்பாக்கிகளில் புகையில்லா நவீன மருந்தை ஒருபோதும் போடக்கூடாது. கொஞ்சம் கலந்தால்கூடக் குழல் வெடிக்கும். கரிமருந்தை வீட்டில் தயாரிக்கும் எண்ணமும் வேண்டாம். .50-க்கு எஃப்எஃப்ஜி என்ற பருமனுள்ள துகள், .45-க்கும் அதற்குக் கீழும் அதைவிட நுண்ணிய எஃப்எஃப்எஃப்ஜி. உண்மையான கரிமருந்து பக்கத்துக் கடையில் கிடைக்காவிட்டால் பைரோடெக்ஸ், டிரிப்பிள் செவன் போன்ற மாற்றுகள் உண்டு. இவற்றை எடையால் அல்ல, கொள்ளளவால் அளக்க வேண்டும். டிரிப்பிள் செவனுக்கு வேகம் கூடுதல் என்பதால் அளவைச் சுமார் 15 சதவீதம் குறைக்க வேண்டும். பிளாக்ஹார்ன் 209 சுத்தமாக எரியும், ஆனால் கேப்பைவிட வலுவாகப் பற்றவைக்கும் 209 பிரைமர் வேண்டும். பக்கவாட்டுக் கேப்லாக்கில் பற்றாது. பெட்டியில் உள்ள மருந்தை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். 70 கிரெயின் வீதம் சுட்டால் ஒரு பவுண்டில் 100 சுடல்.

கெட்டிப்பதும் சுடுவதும்

கண்ணாடியும் காதடைப்பும் அணிந்த பிறகே தொடங்குங்கள். முதலில் காலிக் குழலில் ராம்ராடை அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். இது 'காலி' கோடு. பிறகு குழலில் உள்ள எண்ணெயைத் துடைத்து, வாயைத் தரையில் உள்ள ஒரு புல்லுக்கு அருகே காட்டி வெறும் கேப் ஒன்றைச் சுடுங்கள். புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அதே நேரத்தில் நிப்பிளில் மிஞ்சிய எண்ணெயும் எரிந்துபோகும்.

அடுத்து, கட்டை தரையில், வாய் உங்கள் முகத்தை விட்டு விலகி இருக்க, அளவுக்குழாயில் மருந்தை அளந்து ஊற்றுங்கள். மருந்துக் குடுவையிலிருந்து நேராக ஊற்றவே கூடாது: உள்ளே கங்கு மிஞ்சியிருந்தால் குடுவை முழுதும் கையில் வெடிக்கும். குழலின் பக்கத்தில் தட்டி மருந்தை அமர வையுங்கள். கொழுப்பு தடவிய துணியை வாயில் விரித்து, வார்ப்புக் குமிழை வெட்டிய தழும்பு மேலே நடுவில் வரும்படி குண்டை வையுங்கள். குட்டைக் கம்பியான ஷார்ட் ஸ்டார்ட்டரால் ஒரு தட்டு, பிறகு ராம்ராடால் நேராக அழுத்துங்கள். மரக்கம்பி என்றால் நடுவில் பிடிக்காதீர்கள். எட்டு அங்குலத்துக்கு மேல் பிடித்தால் முறிந்து உள்ளங்கையில் ஏறிவிடும்.

குண்டு மருந்தின் மேல் நன்றாக உட்கார்ந்ததும் ராம்ராடில் இரண்டாவது கோடு போடுங்கள். இனி ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு வாய் மட்டத்துக்கு வர வேண்டும். வராமல் மேலே நின்றால் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி. அப்படிச் சுட்டால் குழல் உப்பும் அல்லது கிழியும். கூம்புக் குண்டுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும்: துணி இல்லாததால், வாயைக் கீழே சாய்த்து நடக்கும்போது அது நழுவி முன்னால் வரலாம். சுடுவதற்கு முன் மறுபடி கோட்டைப் பாருங்கள். அழுத்தும் விசையும் ஒரே மாதிரி இருக்கட்டும். குண்டை ராம்ராடால் குத்தி நசுக்கும் பழக்கம் எதற்கும் உதவாது.

ராம்ராடை எடுத்து வைத்துவிட்டீர்களா? சரி, இப்போது சுடும் கோட்டுக்கு வந்து, வாய் இலக்கை நோக்கி இருக்க, கடைசி வேலையாகக் கேப்பை வையுங்கள். சுட்ட பிறகும் குழலை அப்படியே பிடித்திருங்கள். நவீனத் துப்பாக்கியைவிடக் குண்டு வாயைவிட்டு வெளியேற நேரம் எடுக்கும்.

ஒவ்வொரு சுடலுக்குப் பிறகும் ஒரு ஈரத்துணி, ஒரு காய்ந்த துணி. சோம்பல்பட்டு விட்டால் மூன்றாவது நான்காவது குண்டே பாதியில் சிக்கும்.

சரியான அளவைக் கண்டுபிடிப்பது

25 கெஜத்தில் 50 கிரெயினில் தொடங்குங்கள். ஐந்து குண்டு சுட்டு எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று பாருங்கள். நடுப்புள்ளியில் பட்டதா என்பது இப்போது முக்கியமில்லை. ஐந்தைந்து கிரெயினாகக் கூட்டி, துப்பாக்கிக் கையேட்டில் உள்ள உச்ச அளவுக்குள் நில்லுங்கள். பெரும்பாலான .50 கேப்லாக்கில் 60-க்கும் 80-க்கும் நடுவே எங்கோ குண்டுகள் ஒன்றுகூடும். ஒருமுறை ஒரு மாற்றம் மட்டும்: மருந்தையும் துணியையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. நெருக்கம் கிடைத்த பிறகு குறிமுனையைத் திருத்துங்கள்; பின்முனையைக் குண்டு போக வேண்டிய பக்கமாக நகர்த்த வேண்டும். அப்புறம் 50 கெஜம்.

சுட்ட துணிகள் சில கெஜ தூரத்தில் கிடக்கும், பொறுக்கி எடுத்துப் பாருங்கள். ஓரம் நைந்து, நடுவில் கருவளையத்தோடு முழுதாக இருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டையானால் துணி மெல்லியது, இல்லையென்றால் கொழுப்பு போதவில்லை. கத்தியால் வெட்டியதுபோல் கிழிந்தால் புதுக்குழலின் கூர்மையான ரைஃபிளிங் காரணம், சுடச்சுடத் தேயும். இலக்கு அட்டையைவிடத் துணிகள்தான் எனக்கு அதிகம் சொல்கின்றன.

வேட்டையில் .50 உருண்டைக்கு 75 கெஜம் நியாயமான எல்லை. நல்ல கண்ணும் கையும் இருந்தால் 100. அதற்கு மேல் உருண்டை வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். மான் காயத்தோடு ஓடும்.

சுடாமல் போனால்

குதிரை விழுந்தும் வெடிக்கவில்லை என்றால், வாயை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு குறைந்தது ஒரு முழு நிமிடம் காத்திருங்கள். தாமதமாகப் பற்றுவது இந்தத் துப்பாக்கிகளின் இயல்பு. பிறகு புது கேப். அதற்கும் மசியவில்லை என்றால் நிப்பிள் துளையை மெல்லிய கம்பியால் துழாவி இன்னொரு முறை. மருந்து போடாமலே குண்டை இறக்கிவிட்டால் (எல்லோரும் என்றாவது செய்வார்கள்) நிப்பிளைக் கழற்றி, அந்தத் துளை வழியே சிறிது மருந்தைச் செலுத்தி, நிப்பிளை மாட்டி, குண்டு அடியில் இருக்கிறதா என்று ராம்ராடால் உறுதி செய்து இலக்கை நோக்கிச் சுட்டுத் தள்ளலாம்.

சுத்தம்

கரிமருந்தின் எச்சம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவை உண்டாக்கும். சுட்ட அன்றே கழுவ வேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது. ஹாக்கன் வகைத் துப்பாக்கியில் ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனியே வந்துவிடும். நிப்பிளைக் கழற்றி, குழலின் அடியை வெந்நீரும் சோப்பும் உள்ள வாளியில் நிறுத்தி, துணி சுற்றிய கம்பியை மேலும் கீழும் இழுத்தால் தண்ணீர் பம்பு போல உள்ளே ஏறி இறங்கும். தண்ணீர் தெளியும்வரை செய்யுங்கள். பிறகு சுத்தமான சூடான தண்ணீர், காய்ந்த துணிகள், கடைசியில் எண்ணெய். குதிரை அமைப்பையும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நிப்பிள் திருகில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அடுத்த முறை எளிதாகக் கழலும்.

மறுநாள் ஒரு துணியை விட்டுப் பாருங்கள். பழுப்பு வந்தால் மறுபடி கழுவி எண்ணெய் போடுங்கள். துப்பாக்கியை வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். எண்ணெய் அடியில் தேங்கி நிப்பிள் துளையை அடைக்காது. மருந்தும் கேப்பும் தனித்தனியாக, பூட்டிய இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.